பட்டியலின் கீழ்வரிகள்: சர்வர் பிராசஸரை அளந்த கதை

2022 நவம்பரில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட எபிக் 9654 என்ற சர்வர் பிராசஸரின் விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது 96 கோர்கள், அதாவது தனித்தனியே இயங்கும் கணக்கு அலகுகள், என்ற எண். அதைத் தொடர்ந்து 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், 3.7 ஜிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம், 384 எம்பி மூன்றாம் நிலை கேச், 12 நினைவக சேனல்கள், 128 பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள், 360 வாட் என்று வரிகள் இறங்குகின்றன. அதற்கு 27 ஆண்டுகள் முன், 1995 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் புரோவின் தாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே தலைப்பில் நிற்பது 200 மெகாஹெர்ட்ஸ். கோர் எத்தனை என்று சொல்ல ஒரு வரி கிடையாது. இருப்பது ஒன்றுதான் என்பதால் யாரும் எண்ணவில்லை. நினைவக சேனல் என்ற வரியும் இல்லை, அந்த வேலை வேறொரு சில்லிடம் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அடிப்படைக் கடிகார வேகம் 12 மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் தாளின் நீளம் பல மடங்கு கூடிவிட்டது. அந்த வரிகள் எப்போது, எதற்காகச் சேர்ந்தன என்று வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. விற்பவரால் தாராளமாகக் கொடுக்க முடிந்த எண் மேலே பெரிய எழுத்தில் நிற்கிறது. வாங்குபவருக்குப் பற்றாமல் இருக்கும் எண் கீழே சிறிய எழுத்தில் கிடக்கிறது. யாரோ ஒருவர் அந்தக் கீழ்வரியைத் தாராளமாக்கும்போது அது மேலே ஏறுகிறது, அதன் அடியில் புதிய பற்றாக்குறை ஒன்று எழுதப்படுகிறது. சர்வர் பிராசஸரின் வரலாறு இந்த ஏற்ற இறக்கத்தின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே எண்ணால் கணினியை அளந்துவிடலாம் என்ற ஆசை சர்வர் பிராசஸருக்கு முந்தியது. 1977இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்ஸ்-11/780 என்ற கணினியை ‘1 மிப்ஸ்’ கணினி என்று தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மிப்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை பத்து லட்சம் கட்டளைகள் என்ற கணக்கு. பிற கணினிகள் எல்லாம் அதன் மடங்குகளாக விளம்பரப்படுத்தப்பட்டன. 1984இல் அதன் உள்ளியக்கத்தை அளந்து பார்த்தபோது ஒரு கட்டளைக்குச் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் செலவாவது தெரிந்தது. அதன் கடிகாரம் 5 மெகாஹெர்ட்ஸ். எனவே உண்மையில் ஓடிய கட்டளைகள் நொடிக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அளவுகோலாக நிறுத்தப்பட்ட கல்லே பாதி எடைதான் என்று தெரிந்த பிறகும் சந்தை அந்தக் கல்லைத் தூக்கி எறியவில்லை. எல்லோரும் அதே கல்லால் நிறுப்பதால் ஒப்பீடு கெடவில்லை என்பது அதன் நியாயம். ஆனாலும் நம்பிக்கை குறைந்தது. 1988இல் எஸ்பிஇசி, டிபிசி என்ற இரண்டு கூட்டமைப்புகளை உற்பத்தியாளர்களே சேர்ந்து அமைத்தார்கள். முன்னது உண்மையான நிரல்களை ஓட்டி வேகத்தை அளந்தது. பின்னது வங்கி, சரக்குக் கணக்கு போன்ற பரிவர்த்தனைகள் குறித்த நேரத்தில் எத்தனை முடிகின்றன என்று எண்ணியது. விவரத்தாளின் எண்ணும் வேலையின் அளவும் வேறு வேறு என்பதைத் தொழிலே ஒப்புக்கொண்ட ஆண்டு அது.

பெர்சனல் கம்ப்யூட்டரில் வளர்ந்த பிராசஸர் குடும்பம் சர்வருக்குள் நுழைந்ததில் பென்டியம் புரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் 200 மெகாஹெர்ட்ஸ் அன்றைக்கு உயர்ந்த எண் இல்லை; டிஜிட்டலின் ஆல்ஃபா பிராசஸர் 1992இலேயே அந்த வேகத்தை ஒட்டி ஓடியது, அதுவும் 64 பிட் அகலத்தில். பென்டியம் புரோவைச் சர்வராக்கியவை கீழ்வரிகள். இரண்டாம் நிலை கேச் என்ற இடைநிலை நினைவகத்தைத் தனிச் சில்லாகச் செய்து, பிராசஸர் சில்லோடு ஒரே பொதிக்குள் வைத்து, பிராசஸரின் முழு வேகத்திலேயே ஓட வைத்தார்கள். தொடக்கத்தில் 256 கேபி, பிறகு 512 கேபி, 1997இல் 1 எம்பி. நான்கு பிராசஸர்களைக் கூடுதல் சில்லுகள் இல்லாமல் ஒரே பலகையில் கோக்க முடிந்தது. நினைவக முகவரி 32 பிட்டிலிருந்து 36 பிட்டானதால் 4 ஜிபி என்ற மேல்வரம்பு 64 ஜிபியானது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் நிறுவப்பட்ட ஆஸ்கி ரெட் என்ற கணினி ஆயிரக்கணக்கான பென்டியம் புரோக்களைச் சேர்த்து 1996 இறுதியில் நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகள் என்ற எல்லையை உலகிலேயே முதலில் தாண்டியது. தனிச் சில்லின் வேகத்தைவிட, பலவற்றைச் சேர்த்துக் கட்ட முடிந்ததே அங்கே எடுபட்டது.

கேச் ஏன் அத்தனை முக்கியமானது என்பதற்கு அதே 1995இல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ இருவரும் எழுதிய சிறு கட்டுரை விடை சொல்கிறது. பிராசஸரின் வேகம் கூடும் விகிதத்துக்கு நினைவகத்தின் வேகம் கூடவில்லை, இந்த இடைவெளி ஆண்டுதோறும் விரிகிறது, ஒரு கட்டத்தில் பிராசஸர் எவ்வளவு வேகமானாலும் நினைவகத்தின் வாசலில் காத்துக் கிடக்கும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நினைவகச் சுவர்’. மேசையில் ஒருவர் கடிதம் தட்டச்சு செய்யும் கணினிக்கு இது பெரிய துயரம் இல்லை. அவருக்கு வேண்டிய தரவு சின்னது, கேச்சுக்குள் அடங்கிவிடும். ஆயிரம் பேரின் கணக்குகளைத் திறந்து மூடும் தரவுத்தளச் சர்வருக்கோ இதுவே தலைவிதி. 1998 ஜூனில் இன்டெல் ‘சியான்’ என்ற பெயரைச் சர்வர்களுக்கென்று ஒதுக்கியபோது இது விலையாகவே வெளிப்பட்டது. மேசைக் கணினியில் ஓடிய அதே பென்டியம் II வடிவமைப்புதான் முதல் சியானிலும் இருந்தது. மேசைக்கான வகையில் கேச் பாதி வேகத்தில் ஓடியது. சியானில் முழு வேகத்தில் ஓடியது, அளவும் 1 எம்பி, 2 எம்பி என்று உயர்ந்தது. கடிகார வேகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று. விலை மட்டும் பல மடங்கு. ஒரே சில்லை இரண்டு பெயரில் விற்கும் தந்திரம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு, அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் தந்திரம் எங்கே பலிக்கும்? வாங்குபவருக்கு உண்மையில் பற்றாமல் இருக்கும் பொருளுக்கு மட்டுமே கூடுதல் விலை சொல்ல முடியும். மேல்வரியின் எண்ணை இரு சந்தைகளுக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிட்டுக் கீழ்வரிக்கு மட்டும் விலை வைத்ததே, பற்றாக்குறை எங்கே இருந்தது என்பதற்குச் சான்று.

அடுத்த பற்றாக்குறை முகவரியில் இருந்தது. 36 பிட் ஏற்பாட்டில் கணினிக்கு 64 ஜிபி வைக்க முடிந்தாலும், ஒவ்வொரு நிரலும் ஒரு நேரத்தில் 4 ஜிபிக்கு மேல் பார்க்க முடியாது. பெரிய வீடு கட்டி, எல்லோரையும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்ன கதை. 64 பிட்டுக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் பாதை பிரிந்தது. 1994இல் இன்டெலும் ஹியூலெட்-பேக்கர்டும் கைகோத்து, பழைய கட்டளைத் தொகுதியை விட்டு முற்றிலும் புதிய ஒன்றை எழுத முனைந்தன. எந்தக் கட்டளைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று பிராசஸர் ஓடும்போது தேடுவதை விட்டு, நிரலை மொழிமாற்றும் கம்பைலரே முன்கூட்டித் தீர்மானித்துக் கட்டிக் கொடுக்கும் என்பது அதன் அடிப்படை எண்ணம். இட்டானியம் என்ற பெயரில் அது 2001இல் வந்தது. வந்த வேகத்திலேயே போட்டிக் களம் கலைந்துவிட்டது: டிஜிட்டலை வாங்கியிருந்த காம்பாக் நிறுவனம் 2001 ஜூனில் ஆல்ஃபாவைக் கைவிட்டு இட்டானியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. தாளில் இட்டானியத்திடம் குறை சொல்ல அதிகம் இல்லை. 64 பிட், ஏராளமான பதிவகங்கள், தசமக் கணக்கில் வலிமை எல்லாம் இருந்தன. ஆனால் உலகம் இருபது ஆண்டுகளாக எழுதிக் குவித்திருந்த பழைய நிரல்கள் அதில் தவழ்ந்தன. பழைய நிரலை எத்தனை வேகத்தில் ஓட்டும் என்று சொல்ல விவரத்தாளில் வரி கிடையாது.

எழுதப்படாத அந்த வரியை ஏஎம்டி தன் பிடிமானமாக்கியது. பழைய கட்டளைத் தொகுதியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் 64 பிட்டை நீட்டும் வரையறையை அது 2000இல் வெளியிட்டது. 2003 ஏப்ரல் 22 அன்று ஆப்டெரான் பிராசஸர் வந்தது. பழைய நிரல் மாற்றமின்றி முழு வேகத்தில் ஓடும், புதிய நிரல் 64 பிட்டில் ஓடும், இரண்டும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடிகார வேகமோ அதிகபட்சம் 1.8 ஜிகாஹெர்ட்ஸ். அந்தச் சமயத்தில் இன்டெலின் சியான் 3.06 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மேல்வரியை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஏஎம்டி அந்த வரியைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டது. ஆப்டெரான் 240, 242, 244 என்ற மாடல் எண்களில் மெகாஹெர்ட்ஸ் இல்லை. முதல் இலக்கம் எத்தனை பிராசஸர்களை ஒரு பலகையில் சேர்க்கலாம் என்பதையும் மீதி இலக்கங்கள் ஒப்புத்தகுதியையும் குறித்தன. அதைவிடப் பெரிய மாற்றம் சில்லுக்குள் நடந்தது. நினைவகத்தை நிர்வகிக்கும் உறுப்பை வெளியே இருந்த சில்லிலிருந்து பிடுங்கிப் பிராசஸருக்குள்ளேயே வைத்தார்கள். வுல்ஃபும் மெக்கீயும் சொன்ன சுவரில் ஒரு வாசல் திறந்தது. பிராசஸர்களைக் கூட்டக் கூட்ட நினைவகத்தின் வழிகளும் கூடின. 2004 ஜூனில் இன்டெல் தன் சியானிலும் ஏஎம்டி வகுத்த அதே 64 பிட் நீட்டிப்பைச் சேர்த்தது. இட்டானியம் அதற்குப் பிறகும் நீண்டநாள் உயிரோடு இருந்து, 2021இல் கடைசியாகச் சரக்கேறியது.

மேல்வரி வென்றதே இல்லையா என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடிகார வேகம் ஏமாற்று எண் என்று சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். 1971இல் இன்டெலின் முதல் பிராசஸரான 4004 ஓடியது 740 கிலோஹெர்ட்ஸில். அங்கிருந்து 3 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான ஏற்றம் நாலாயிரம் மடங்கு. அதன் பலன் மனித வாழ்வில் இறங்கியதை யாரும் மறுக்க முடியாது. ஒரே வடிவமைப்புக்குள் 400 மெகாஹெர்ட்ஸைவிட 450 மெகாஹெர்ட்ஸ் வேகமானது என்பதும் உண்மை. அந்த ஏற்றத்துக்கு அடியில் ஓர் இயற்பியல் சலுகை இருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்கான மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் மாறாமலே வேகத்தைக் கூட்டலாம் என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் காட்டியிருந்தார்கள். சலுகை இருந்தவரை வேகம் தாராளமாகக் கிடைத்தது, தாராளமாகக் கிடைத்ததால் அது பெரிய எழுத்தில் நின்றது. வாதத்தோடு இது முரண்படவில்லை. அதன் முதல் பாதியே இதுதான். கோளாறு வேறிடத்தில் தொடங்கியது. மேல்வரி சந்தையின் பழக்கமான பிறகு, வடிவமைப்பே அந்த எண்ணுக்காக வளைக்கப்பட்டது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, ஒரு கட்டளையை முடிக்கும் வேலையை 20 படிகளாக நறுக்கியது. 2004இல் அது 31 படிகளானது. படி சிறிதானால் கடிகாரத்தை வேகமாக அடிக்கலாம். ஆனால் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று பிராசஸர் ஊகித்த பாதை தவறும்போது அத்தனை படிகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதே ஆண்டில் சலுகை முடிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தால் மின்கசிவு பெருகியது. குறைக்காவிட்டால் வெப்பம் பெருகியது. 2004 மே மாதம் இன்டெல் தன் அடுத்த தலைமுறை வடிவமைப்பான தேஜாஸைக் கைவிட்டது. அக்டோபரில் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட்டது. அதுவரை பொறியாளர் மட்டும் படித்த வாட் என்ற வரி, வாங்குபவரின் கண்ணுக்கு வந்தது இதற்குப் பிறகுதான். சர்வர் அறையில் ஒரு வாட் இரண்டு தடவை காசு கேட்கும்: பிராசஸருக்கு ஒருமுறை, அது கக்கும் சூட்டை ஏசி வெளியேற்ற இன்னொருமுறை. 2004இன் 3.6 ஜிகாஹெர்ட்ஸ் சியான் 103 வாட் கேட்டது. 2006 ஜூனில் வந்த 3 ஜிகாஹெர்ட்ஸ் சியான் 5160 இரண்டு கோர்களை வைத்துக்கொண்டு 80 வாட் போதும் என்றது. வரி முக்கியமானதும் அதன் வரையறையிலும் சண்டை வந்தது. 2007இல் ஏஎம்டி, அதிகபட்ச வெப்பத்தைச் சொல்லும் டிடிபி என்ற எண்ணை விட்டு, வழக்கமான வேலையில் சராசரி எவ்வளவு என்று சொல்லும் ஏசிபி என்ற எண்ணை முன்னே வைத்தது. ஒரே பிராசஸர் ஒரு கணக்கில் 95 வாட், இன்னொரு கணக்கில் 75 வாட். எண் குறைந்தது, மின்கட்டணம் குறையவில்லை. ஒரு வரிக்கு இரண்டு வரையறைகள் முளைப்பது, அந்த வரி சந்தையில் உயரத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

வேகத்தைக் கூட்ட முடியாத இடத்தில் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. அதைச் செலவழிக்கக் கிடைத்த வழி கோர். ஐபிஎம் 2001இலேயே பவர்4 பிராசஸரில் ஒரே சில்லில் இரண்டு கோர்களை வைத்திருந்தது. இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குன்லே ஒலுகோடுன் தொடங்கிய அஃபாரா என்ற சிறு நிறுவனத்தை 2002இல் வாங்கி, 2005 இறுதியில் அல்ட்ராஸ்பார்க் டி1 என்ற பிராசஸரைக் கொண்டுவந்தது. 8 கோர்கள், ஒவ்வொன்றிலும் 4 திரெட்கள், 1.2 ஜிகாஹெர்ட்ஸ், சுமார் 72 வாட். ஒரு திரெட் நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கோர் அடுத்த திரெட்டின் வேலையைப் பார்க்கும். காத்திருப்பைக் குறைக்க முடியாவிட்டால் அதை வீணாக்காமல் விடலாம் என்ற யோசனை அது. தசமக் கணக்குக்கு எட்டு கோர்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் உறுப்புதான். வலைத்தளம் பரிமாறும் சர்வருக்குத் தசமம் எதற்கு என்ற துணிச்சல். வாங்குபவரின் பற்றாக்குறையைச் சரியாகக் கண்டு அதற்கே ஒரு சில்லைச் செய்தும், சன் நிறுவனம் தப்பவில்லை. 2010 ஜனவரியில் ஆரக்கிளின் கைக்குப் போனது. கீழ்வரியே தீர்மானிக்கும் என்ற வாதத்துக்கு இது எதிர்ச்சான்று அல்லவா? ஓரளவு ஆம். கீழ்வரியைச் சரியாகப் படித்தவர் பிழைப்பார் என்று வரலாறு உத்தரவாதம் தரவில்லை. சன்னின் நிரல்கள் ஓடிய கட்டளைத் தொகுதி வேறு, அதே நேரத்தில் மலிவான ஆப்டெரானும் சியானும் லினக்ஸோடு சேர்ந்து சந்தையை நிரப்பின. இட்டானியத்தைச் சாய்த்த எழுதப்படாத வரி சன்னையும் தொட்டது. சன் தோற்றாலும் அதன் தாளில் இருந்த எண்கள் தோற்கவில்லை. பத்தாண்டுக்குள் எல்லோரின் தாளிலும் கோரும் திரெட்டும் மேலே ஏறிவிட்டன.

கோர் மேல்வரியானதும் பற்றாக்குறை நினைவகச் சேனலுக்கு இறங்கியது. இதை எளிய வகுத்தல் கணக்கே காட்டும். 2009 மார்ச்சில் வந்த சியான் எக்ஸ்5570இல் இன்டெலும் நினைவக நிர்வாகியைச் சில்லுக்குள் கொண்டுவந்தது. 4 கோர்கள், 3 சேனல்கள்; நொடிக்கு மொத்தம் 32 ஜிபி, அதாவது கோருக்கு 8 ஜிபி. 2012இன் சியான் இ5இல் 8 கோர்களுக்கு 4 சேனல்கள், கோருக்கு 6.4 ஜிபி. 2017 ஜூலையில் வந்த சியான் பிளாட்டினம் 8180இல் 28 கோர்களுக்கு 6 சேனல்கள், கோருக்கு சுமார் 4.6 ஜிபி. அதற்குச் சில வாரம் முன்பு ஏஎம்டி கொண்டுவந்த முதல் எபிக்கில் 32 கோர்களுக்கு 8 சேனல்கள், 128 பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள், கோருக்கு 5.3 ஜிபி. எபிக்கின் அடிப்படை வேகம் 2.2 ஜிகாஹெர்ட்ஸ், பிளாட்டினத்தின் வேகம் 2.5. மீண்டும் கடிகார வேகத்தில் குறைவாகவும் கீழே நிறைவாகவும் இருந்த தாளே சந்தைக்குள் இடம்பிடித்தது. 2024இல் வந்த 192 கோர் எபிக்கில் 12 சேனல்கள் இருந்தும், 6000 வேக நினைவகத்தோடு கோருக்குக் கிடைப்பது 3 ஜிபிதான். கோர் 48 மடங்கு பெருகிய பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு கோரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கேச் வளர்ந்து இந்த இழப்பை ஈடுசெய்யவில்லையா என்றால், மொத்தக் கேச் வளர்ந்தது உண்மை. ஆனால் எக்ஸ்5570இல் கோருக்கு 2 எம்பி மூன்றாம் நிலை கேச் இருந்தது, 192 கோர் எபிக்கிலும் அதே 2 எம்பிதான்.

எல்லாப் பற்றாக்குறையும் இயற்பியலிலிருந்து வருவதில்லை. சில விற்பவரால் செய்யப்படுகின்றன. 2017இன் பிளாட்டினம் 8180 ஏற்கும் நினைவகம் 768 ஜிபி. பெயரின் இறுதியில் ‘எம்’ என்ற எழுத்துச் சேர்ந்த வகை 1.5 டிபி ஏற்கும். கோர், வேகம், கேச் எல்லாம் ஒன்றே. பட்டியல் விலையில் வித்தியாசம் சுமார் 3,000 டாலர். அதே ஆண்டின் எபிக் எல்லா வகையிலும் 2 டிபி ஏற்றது. 2020 தொடக்கத்தில் இன்டெல் ‘எம்’ வரிசையை நிறுத்தியது. மென்பொருள் உரிமமும் இப்படி ஒரு பற்றாக்குறையை உண்டாக்கியது. ஆரக்கிள் கோர்களை எண்ணிக் காசு வாங்கியது, சில்லுக்குச் சில்லு வேறு பெருக்கல் எண் வைத்து. மைக்ரோசாஃப்ட் தன் தரவுத்தளத்துக்கு 2012 பதிப்பிலும், விண்டோஸ் சர்வருக்கு 2016 பதிப்பிலும் கோர் கணக்குக்கு மாறியது. 2020 ஏப்ரல் முதல் விஎம்வேரின் ஒரு பிராசஸர் உரிமம் 32 கோர்களோடு நின்றது. கோர் மலிந்த காலத்தில் ஒவ்வொரு கோருக்கும் ஆண்டுச் செலவு ஒட்டிக்கொண்டது. விளைவு விநோதமானது: அதே ஏப்ரலில் ஏஎம்டி 16 கோர்கள் மட்டும் கொண்ட எபிக் 7எஃப்52ஐ வெளியிட்டது. 256 எம்பி கேச், 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். 64 கோர்கள் செய்யத் தெரிந்தவர் கோர்களைக் குறைத்து, அதையே சிறப்பாக விற்றார். கீழே இறங்கிவிட்ட கடிகார வேகம் உரிமக் கணக்கின் தயவில் மீண்டும் தலைதூக்கியது.

இன்று பெரும்பாலோர் சர்வரை வாங்குவதில்லை, மேகக்கணியில் மணிக்கணக்குக்கு வாடகை எடுக்கிறார்கள். விவரத்தாளை யார் படிக்கிறார்கள் என்பது வலுவான மறுப்பு. வாடகைதாரருக்கு முன்னால் நிற்பது ‘விசிபியு’ என்ற ஒரே எண். பல சேவைகளில் அது முழுக் கோர்கூட இல்லை, ஒரு திரெட். 1977இன் மிப்ஸைப் போலவே, ஒப்பிட வசதியான, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத எண். ஆனால் தாள் மறைந்துவிடவில்லை, படிப்பவர்தான் மாறினார். முன்பு ஆயிரம் அலுவலகங்களில் ஆயிரம் பேர் படித்ததை இப்போது சில பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் படிக்கிறார்கள். பிடித்த வரி இல்லாவிட்டால் தாங்களே எழுதிவிடுகிறார்கள். அமேசான் 2018 நவம்பரில் கிராவிட்டான் என்ற பெயரில் ஆர்ம் வடிவமைப்பில் தன் சொந்தப் பிராசஸரை வாடகைக்கு விட்டது. எண்ணற்ற சர்வர்களுக்கு மின்கட்டணம் கட்டுபவருக்கு எந்த வரி பற்றாது என்பதை அவரைவிட நன்றாக யார் அறிவார்? சோதனை மதிப்பெண்கள் இருக்க இந்த வரிகள் எதற்கு என்பாரும் உண்டு. மதிப்பெண் நேற்றைய வேலையில் எவ்வளவு வேகம் என்று சொல்லும்; நாளைய வேலை எந்த இடத்தில் முட்டி நிற்கும் என்பதைச் சேனலும் கேச்சும் வாட்டும்தான் சொல்லும்.

எந்தத் தாளும் சொல்லாத ஒன்றும் இருந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல், வரப்போகும் கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே ஓட்டும் உத்தியில் ஒளிந்திருந்த ஓட்டைகள் அவை. மெல்ட்டவுனைக் கண்டறிந்தவர்களின் கணிப்பில், 1995 முதல் வந்த இன்டெல் பிராசஸர்கள் ஏறத்தாழ அனைத்தும் அதற்கு இலக்காகக்கூடியவை. விதிவிலக்குகளில் ஒன்று இட்டானியம். அதாவது பென்டியம் புரோவோடு தொடங்கிய வரிசை முழுக்க, வேகத்துக்கான விலையைத் தாளில் எழுதாமல் கடன் வைத்திருந்தது. அந்தக் கடனை ஓட்டையை அடைத்த மென்பொருள் திருத்தங்கள் வசூலித்தன. ஒரே நாளில் சர்வர்கள் சற்றே மெதுவாயின, தாளில் ஓர் எண்ணும் மாறாமலே. 2024இன் எபிக் தாளில் 192 கோர் என்ற எழுத்து பெரிதாக நிற்கிறது. அதே தாளின் கீழ்ப்பகுதியில் 500 வாட் என்று ஒரு வரி. 2009இன் எக்ஸ்5570இல் அதே இடத்தில் இருந்த எண் 95. கோர் ஒன்றுக்கு 24 வாட்டிலிருந்து 2.6 வாட்டாகக் குறைத்தது பெரிய சாதனை. இருந்தும் மொத்தம் ஐந்து மடங்கானது, ஏனென்றால் தாராளமாகக் கிடைப்பதை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலின் சுபாவம். அடுத்த சில ஆண்டுகளில் எந்த எண் மேலே ஏறும் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டியதில்லை. சர்வர் அறைக்கு மின்இணைப்பு வாங்க அலைபவர் தாளைக் கீழிருந்து மேலாகப் படிக்கத் தொடங்கி நாளாகிவிட்டது.